மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த குமரி மாணவருக்கு: எந்த உதவியை எப்போது, எங்கே கேட்பது

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாலும், மாவட்டத்துக்குள் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும், வெளியூர் போனாலும், நம் பிள்ளைகள் தட்டுத் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். உதவிகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம், ஒரு கதவு உண்டு. காலம் தவறினால் அடுத்த கல்வியாண்டுவரை காத்திருக்க வேண்டும், சிலவற்றை இழந்தே விடுவோம். அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. நீட் முடிந்த வாரமே சான்றிதழ்கள்

தேர்வு மே மாதம் முடியும். முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜூன் பிறந்தால் பள்ளி, பாலிடெக்னிக், பொறியியல் என்று எல்லாக் கூட்டமும் ஒரே இ-சேவை மையத்தில் நிற்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று மூன்று படி ஏற வேண்டிய விண்ணப்பம் எங்கேனும் ஒரு படியில் தங்கிவிடும்.

வேண்டியவை நான்கு: சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று. முதலில் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று பதிய வேண்டும். அதற்குப் பிறகுதான் நான்குக்கும் விண்ணப்பிக்க முடியும். அந்த எண்ணில் கொடுத்த கைபேசி எண் உங்களிடமே இருக்கட்டும். மையத்தில் இருப்பவரின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஓடிபிக்காக அலைபவர்கள் ஏராளம்.

எந்தத் தாலுகா என்பதை ரேஷன் கார்டு முகவரி தீர்மானிக்கும். கல்குளம் என்றால் தக்கலை, விளவங்கோடு என்றால் குழித்துறை, தோவாளை என்றால் பூதப்பாண்டி. படிப்புக்காக நாகர்கோவிலில் வாடகைக்கு இருந்துகொண்டு, கார்டை ஊரிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் நாகர்கோவில் முகவரியில் விண்ணப்பித்தால் அது திரும்பி வரும்.

வருமானச் சான்றில் அப்பா வளைகுடாவில் வேலை செய்வதை மறைக்க வேண்டாம். கடல்தொழில் போன்ற நிலையில்லாத வருமானம் என்றால் ஆண்டுக் கணக்கில் எவ்வளவு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் ஒரு தொகை, விசாரணையில் இன்னொரு தொகை என்று வந்தால் தாமதம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பட்டதாரி சான்றுக்குத் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை. அண்ணன் பொறியியலில் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. வீட்டில் இரண்டு பேர் படிக்கப் போகிறார்கள் என்றால், கட்டணம் அதிகமுள்ள படிப்புக்கு இதை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சாதிச் சான்றில் இன்னொரு நுணுக்கம். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சில சமூகங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று குறிப்பிட்டே சேர்க்கப்பட்டவை. அத்தகைய சமூகத்தவர் வேறு மாவட்ட முகவரியில் சான்று கேட்டால் சிக்கல் வரும்.

2. ஒரே பெயர், ஒரே எழுத்து

உதவித்தொகை வராமல் போவதற்கு நம் மாவட்டத்தில் முதல் காரணம் பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இருக்கும். ஒரு மாணவியின் தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தால் இப்படி இருக்கும்: பத்தாம் வகுப்புச் சான்றில் 'ஜெனிஷா சே', ஆதாரில் 'ஜெனிஷா சேவியர்', வங்கிப் புத்தகத்தில் 'சே. மேரி ஜெனிஷா'. பார்க்கும் மனிதருக்கு மூன்றும் ஒரே பிள்ளை என்று புரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு மூவரும் வேறு வேறு ஆள்.

திருத்தும் வரிசை இது: பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வையுங்கள். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரைப் பார்த்து வங்கிக் கணக்கை மாற்றுங்கள். தலைகீழாகத் தொடங்கினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

வங்கியில் கேட்க வேண்டிய கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். 'ஆதார் இணைத்தாச்சா?' என்று கேட்டால் 'இணைத்தாச்சு' என்பார்கள். 'அரசுப் பணம் நேரடியாக வரும்படி என்பிசிஐயில் இந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறதா?' என்று கேளுங்கள். என்பிசிஐ என்பது வங்கிகளுக்கிடையே பணத்தை அனுப்பும் தேசிய அமைப்பு. இரண்டும் வேறு. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையை நீங்களே பார்க்கலாம். எந்த வங்கியின் பெயர் அங்கே வருகிறதோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளி நாளில் தொடங்கி மறந்துபோன கணக்கு ஒன்று அங்கே உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

3. அசலைக் கொடுக்கும் முன்

சேர்க்கை நாளில் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வங்கியும் உதவித்தொகை அலுவலகமும் கேட்கும். முந்தைய நாளே எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து, தனித்தனிக் கோப்பாக, 'வருமானச் சான்று' என்பதுபோல் பெயரிட்டு வையுங்கள். பத்து செட் நகல், பத்துப் புகைப்படம். சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் படிப்புச் சான்று, அதாவது போனஃபைட், மூன்று பிரதி கேட்டு வாங்குங்கள்.

4. எந்தத் தொகை யாருக்கு

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் இது பொருந்தும். 'இப்போது கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்துடன் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவை அணுகுங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது மிகக் கடினமான வழி.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இங்கே நம் மாவட்டத்தினர் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்துப் பிள்ளைகளின் சாதிச் சான்றில் பிற்படுத்தப்பட்டோர் என்றே இருக்கும். ஆனாலும் மாநில அரசு ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக அவர்களுக்கும் உதவித்தொகை தருகிறது. பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு நிற்க வேண்டாம். எந்தத் துறை என்று கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் முதலில் உறுதி செய்யுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கும் அதே 2.5 லட்சம் வரம்பில் உதவித்தொகை உண்டு. முதல் பட்டதாரி சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது.

மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களை 'மருத்துவத்துக்குக் கிடையாது' என்று நினைத்து விடுபவர்கள் உண்டு. தொழிற்படிப்புக்கும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பெறத் தடையில்லை. குமரியில் உதவிபெறும் பள்ளிகள் அதிகம் என்பதால், தமிழ் வழியில் படித்ததற்கான சான்றைப் பள்ளியிலிருந்து கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவை பெரும்பாலும் கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் யூஎம்ஐஎஸ் தளத்தில் உங்கள் பெயர் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் நகரும். எமிஸ் எண்ணை, அதாவது பள்ளியில் உங்களுக்குத் தந்த மாணவர் பதிவு எண்ணைத் தெரிந்து வைத்திருங்கள். யூஎம்ஐஎஸ் எண் கிடைத்ததும் பெயர், வகுப்பு, சமூகம், விடுதியா வீடா என்ற நான்கையும் நீங்களே பாருங்கள். விடுதியில் இருப்பவரை வீட்டிலிருந்து வருபவர் என்று பதிந்துவிட்டால் தொகை குறையும்.

5. கல்விக் கடன்: தனியார் கல்லூரி என்றால்

கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அதே வாரம் வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் கட்டண விவரம், போனஃபைட், பெற்றோரின் வருமான ஆதாரம் ஆகியவை வேண்டும். 4 லட்சம் வரை உங்கள் பங்குத் தொகை கேட்கக் கூடாது, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும்.

கையெழுத்திடும் முன் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: படிப்புக் காலம். எம்பிபிஎஸ் நான்கரை ஆண்டு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி மருத்துவர் காலம். வங்கி நான்கரை என்று பதிந்துவிட்டால் நீங்கள் வார்டில் இரவுப் பணி பார்க்கும்போதே தவணை தொடங்கிவிடும். ஐந்தரை ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள். திருப்பிச் செலுத்துவது அதன்பின் ஓராண்டு கழித்து என்பதே வழக்கமான விதி.

சிறுபான்மையினர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடனும் உண்டு. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

6. முதல் மாதம்: தடுப்பூசி

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். வார்டுக்குப் போவது இரண்டாம் ஆண்டில்தானே என்று தள்ளிப் போட்டால் மூன்றாவது ஊசி போடும் முன்பே ஊசி முனைக்கு அருகில் நிற்பீர்கள். குழந்தையில் போட்டிருந்தாலும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசித் தவணைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்தில் ஆன்டி ஹெச்பிஎஸ், அதாவது தடுப்பூசியால் ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளின் அளவு பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. அந்த எண்ணைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பிரிவு 9இல் அது உடனே தேவைப்படும்.

7. வருகைக் கணக்கு, வழிகாட்டி ஆசிரியர்

தேர்வெழுத தியரியில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை வேண்டும். இதைப் பாடவாரியாகப் பார்க்கிறார்கள். ஒரு பாடத்தில் 120 மணி தியரி என்றால் 30 மணிதான் விடலாம். 150 மணி செய்முறை என்றால் 30. ஊர்த் திருவிழா, சகோதரியின் கல்யாணம், ஒரு வைரஸ் காய்ச்சல் என்று மூன்று வாரம் போனால் உடற்கூறியல் செய்முறையில் கணக்கு முடிந்துவிடும். காய்ச்சல் என்றால் அன்றே துறைக்குத் தகவல் சொல்லுங்கள். மாதக் கடைசியில் கொண்டுபோகும் மருத்துவச் சான்றுக்கு மதிப்புக் குறைவு.

முதலாண்டுத் தேர்வில் தவறினால் துணைத் தேர்வு உண்டு. ஆனால் முதலாண்டை நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. முழுப் படிப்பையும் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அதனால் முதல் உள்மதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தவுடன் வழிகாட்டி ஆசிரியரிடம் போக வேண்டும். 'நன்றாகப் படிக்க முடியவில்லை சார்' என்று பொதுவாகச் சொன்னால் அவரால் செய்ய ஒன்றும் இருக்காது. 'உயிர்வேதியியல் எழுத்துத் தேர்வில் 38, வாய்மொழியில் பதில் தெரிந்தும் ஆங்கிலத்தில் வரவில்லை' என்று சொன்னால் அந்தத் துறையில் பேசிக் கூடுதல் வகுப்புக்கு வழி செய்வார்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் கடினம். அறிவு குறைவால் வருவதல்ல இது. கேட்பது ஒரு மொழி, யோசிப்பது ஒரு மொழி என்பதால் வரும் தாமதம். தினமும் மாலை அரைமணி நேரம் அன்றைய பாடத்தை அறைத்தோழரிடம் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். எழுதிப் பார்ப்பது மட்டும் வாய்மொழித் தேர்வுக்கு உதவாது.

8. வெளி மாவட்டத்திலிருந்து குமரிக்குப் படிக்க வந்தவர்களுக்கு: நோயாளியின் பேச்சு

மேற்கே விளவங்கோடு, குழித்துறை பக்கத்திலிருந்து வருபவர்கள் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். வலியை 'வேதனை' என்றும் 'நொம்பலம்' என்றும் சொல்வார்கள். வாந்தியைச் 'சத்தி' என்பார்கள். நோய் வரலாறு எழுதும்போது புரியாத சொல்லை ஊகிக்காமல் செவிலியரிடம் கேளுங்கள். உள்ளூர் மாணவர் ஒருவரோடு சேர்ந்து ஐம்பது சொற்களைக் குறித்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குப் போதும்.

9. ஊசி குத்திவிட்டால்

மாணவர்கள் பயந்து மறைக்கும் விபத்து இது. திட்டு விழும் என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு விடுதிக்குப் போய்விடுகிறார்கள். இங்கே நேரம்தான் மருந்து.

முதலில் செய்ய வேண்டியது குழாயைத் திறந்து சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுவது. அழுத்தி ரத்தம் பிதுக்கக் கூடாது, அது திசுவை மேலும் காயப்படுத்தும். விரலை வாயில் வைக்கக் கூடாது. ஸ்பிரிட், பீட்டாடின், பிளீச் எதுவும் வேண்டாம். கண்ணில் தெறித்திருந்தால் சோப்பு இல்லாமல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள்.

அடுத்து, பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லி, நோயாளியின் பெயர், வார்டு, படுக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு, நேராக எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கோ இரவு என்றால் அவசரப் பிரிவுக்கோ போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தின் முதல் வேளையை 2 மணி நேரத்துக்குள் போடுவதே சிறந்தது. 72 மணி கடந்தால் பயனில்லை. நோயாளியின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப் போட வேண்டாம். நோயாளிக்கு எச்ஐவி இல்லை என்று முடிவு வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். தேவை என்றால் 28 நாள் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும்.

எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு நூறில் முப்பதுவரை போகும். அதனால்தான் பிரிவு 6இல் அந்த எண்ணைப் படமெடுத்து வைக்கச் சொன்னது. பாதுகாப்பு இல்லாதவருக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும். அதை 24 மணிக்குள் போடுவது நல்லது.

கடைசியாக, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றைய ரத்தப் பரிசோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்ற தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். மருந்து முடிந்ததும் பரிசோதனையை மறந்துவிடுவது பொதுவான பிழை. இதோடு சேர்த்து ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சக வார்டில் நின்று வரும் பிள்ளைக்கு அது வெறும் இருமலாக இருக்க வேண்டியதில்லை.

10. மனம் தளரும்போது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமை, சாப்பாட்டைத் தவிர்த்தல், போஸ்டிங்கை, அதாவது வார்டுப் பயிற்சியைத் தவிர்த்து அறையில் கிடத்தல், 'நான் இதற்கு லாயக்கில்லை' என்ற பேச்சு. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே உதவி நாடுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றம் முதல் கதவு. ஆனால் நிறையப் பேர் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: மனநலத் துறையில் இருப்பவர்தான் நமக்குப் பாடம் எடுப்பவர், நாளை தேர்வு வைப்பவரும் அவரே. இந்தத் தயக்கம் நியாயமானது. அப்படியென்றால் 14416 எண்ணுக்கு அழையுங்கள். டெலிமானஸ் சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் வேண்டுமென்றால் வேறு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேட்டுப் போகலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

தோழர் ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் 'சும்மா சொல்கிறான்' என்று விடக் கூடாது. நேராகவே கேளுங்கள்: 'தற்கொலை எண்ணம் வருகிறதா?' கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது, பாரம் இறங்கும். தனியாக விடாமல் கூடவே இருங்கள். ஆபத்தான பொருட்கள் கைக்கு எட்டாமல் பாருங்கள். இன்னொருவரை விட்டு விடுதிக் காப்பாளரை அழைக்கச் சொல்லி, அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று வாக்குக் கேட்டால் அந்த வாக்கு மட்டும் கொடுக்க வேண்டாம்.

11. ராகிங், பாலியல் தொல்லை

ஒவ்வொரு ஆண்டும் மாணவரும் பெற்றோரும் தரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி வெறும் தாள் அல்ல. நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அழைக்கும் முன் தேதி, நேரம், இடம், யார் யார், யார் பார்த்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் மிரட்டல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'சீனியர்கள் என்றால் அப்படித்தான்' என்று பொறுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துச் சொல்லும்போது சாட்சிகள் பின்வாங்கிவிடுகிறார்கள்.

பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் சட்டம் தரும் காலம். காரணம் இருந்தால் குழு நீட்டிக்கலாம். புகாரின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். உடனடி உதவிக்குப் பெண்களுக்கான 181 இருக்கிறது.

12. ஆண்டுதோறும் புதுப்பித்தல்

முதலாண்டில் எல்லாம் சரியாகச் செய்தவர்கள்கூட இரண்டாம் ஆண்டில் பணத்தை இழப்பது இங்கேதான். உதவித்தொகை தானாகத் தொடராது. புதிய வருமானச் சான்று, தேர்ச்சி விவரம், யூஎம்ஐஎஸ்ஸில் ஆண்டு மாற்றம் ஆகிய மூன்றும் வேண்டும். மருத்துவப் படிப்பின் கல்வியாண்டு மற்ற கல்லூரிகளோடு ஒத்துப் போவதில்லை. தேர்வு முடிவு வருவதற்குள் புதுப்பிக்கும் தளம் மூடிவிடலாம். முடிவு வரவில்லை என்று சும்மா இருக்காமல், 'முடிவு நிலுவையில்' என்ற கடிதத்தைக் கல்லூரியில் வாங்கி, உதவித்தொகைப் பிரிவில் கொடுத்து, கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். துணைத் தேர்வு எழுதியவர்களும் இதையே செய்ய வேண்டும். முதல் முறை தவறியதால் உதவித்தொகை போய்விட்டது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு விண்ணப்பிக்காமல் விடுவது வேண்டாம், அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.